உப்புத் தண்ணீர் குடித்த கார்

எங்கள் காரைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் என் வீட்டுக்காரர் மேலோ, அவருக்கு அந்தக் காரை விற்ற நல்ல மனுஷர் மேலோ பழி போட வேண்டாம். கெடுத்தவளும் நான், சரிப்படுத்தியவளும் நான். இரண்டையுமே நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சிக்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை பெய்தால் நெல்லும் மிளகாயும், பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுவதும் என்று காலம் தள்ளுகிற பூமி. பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்து, கார்கள் நேரே ராமேஸ்வரத்துக்கே போக ஆரம்பித்த பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. தன் பங்கு நிலத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முதுகு உருண்ட ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார். ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்குகிற யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம், திருப்புல்லாணி, ராமேஸ்வரம் என்று சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் திரும்பவும் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருடம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், காரைச் சேர்த்தால் மூன்று.

வாங்கி ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு சித்திரை மாதம் கார் கொதிக்க ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தரம், அப்புறம் இரண்டு, அப்புறம் பாதிப் பயணம் போவதற்குள்ளேயே. யாத்திரைக்காரர்களை நடுரோட்டில் வெயிலில் நிறுத்தினால் யார் மறுபடியும் கூப்பிடுவார்கள்? ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த வண்டி இனிமே தேறாது போல. பேசாம சவுதிக்குப் போயிரலாம்னு பாக்குறேன்." எங்கள் பக்கத்தில் அது புதிய பேச்சு இல்லை. தெருவுக்கு நாலு ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். பாஸ்போர்ட்டை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. என் கல்யாணப் பட்டுக்கு அடியில் அது இருந்ததை ஒரு நாள் பார்த்தேன். அதிலிருந்த போட்டோவில் அவர் முகம் ஏற்கெனவே ஊரை விட்டுப் போய்விட்ட மனிதருடைய முகமாக இருந்தது. பட்டுச் சேலையை எடுத்த மாதிரியே மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் போகிறேன் என்றார், நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். கார் ஓடினால் அவர் இருப்பார். கார் படுத்தால் போய்விடுவார்.

இத்தனைக்கும், ஆரம்பத்தில் அந்தக் கார் கொதித்தது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். என் அம்மா வீடு தேவிபட்டினத்தில். வாரம் ஒரு தரம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவார். உத்தரகோசமங்கை தாண்டியதும் சூட்டைக் காட்டுகிற முள் மெல்ல மேலே ஏறும். துருவும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை காருக்குள் வரும். உடனே அவர் ஏதாவது ஒரு உடை மரத்து நிழலாகப் பார்த்து ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்குவார். வெள்ளையாக ஆவி கிளம்பி அவரை மறைத்துவிடும். எனக்குத் தெரிவது செருப்புப் போட்ட இரண்டு கால்கள் மட்டும்தான். ஆவி கலையக் கலைய வேட்டி, இடுப்பு, தோள், கடைசியில் மீசை என்று என் வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவார்.

"மூடியத் தொட்டுறாத. அரை மணி ஆகணும்" என்பார் ஒவ்வொரு தடவையும். நான் ஏதோ அதைத் திறக்கத் துடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. அவசரப்பட்டுத் திறந்து அவர் முழங்கையில் ஒரு தரம் வெந்நீர் பீய்ச்சியடித்த தழும்பு இருந்தது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர், மூடியைத் திருகியதும் வெறி பிடித்துக்கொண்டு வெளியே பாயும். அதனால் காத்திருப்போம்.

அந்த அரை மணி நேரங்களைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்ல வராது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. எதிரே பனைகளின் அடிப்பாகம் கானலில் கரைந்து, மரங்கள் தரையில் ஒட்டாமல் நிற்கும். தூரத்தில் ரோடு நனைந்து பளபளக்கும். "இந்தா கெடக்கு பாரு கடலு" என்று கை காட்டுவார். "கடலு அந்தப் பக்கம்ல இருக்கு" என்பேன். "இது நமக்காக இந்தப் பக்கம் வந்திருக்கு" என்பார். வீட்டில் வாயைத் திறக்காத மனிதர் அங்கே மட்டும் பேசுவார். சின்ன வயதில் கண்மாயில் முங்கிக் கிடந்தது, ராமேஸ்வரம் பார்க்க வந்த வடநாட்டு அம்மா ஒருத்தி முதன்முதலாகக் கடலைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது, இப்படி ஏதேதோ. நான் முன் சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் குரல், சூடு ஆறுகிற இரும்பின் டிக் டிக் சத்தம், எங்கோ ஒரு மைனா. இந்தக் கார் சரியாகாமலே இருந்தால் என்ன என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். சவுதிப் பேச்சு வந்ததும் அந்த நினைப்பை வாயில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அப்படிக் காத்திருந்த நேரங்களில்தான் அந்த விஷயம் எனக்குப் புரிந்தது. அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எஞ்சினைச் சுற்றி உள்ளுக்குள் தண்ணீர் ஓடுகிறது. அது எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் ஹோஸ் வழியாக முன்னால் இருக்கிற ரேடியேட்டரின் தலைக்கு வருகிறது. அங்கிருந்து தட்டையான சின்னச் சின்னக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது எதிர்க்காற்றும் ஃபேன் காற்றும் பட்டு ஆறிவிடுகிறது. ஆறிய தண்ணீரைக் கீழ் ஹோஸ் வழியாக பம்ப் இழுத்துத் திரும்பவும் எஞ்சினுக்குள் தள்ளுகிறது. பாலை டம்ளர் மாற்றி டம்ளர் ஆற்றுகிற வேலைதான். ஆற்றுகிற கை எங்கே நின்றாலும் பால் சூடாகவே இருக்கும். எந்தக் கை நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, புதிது மாற்றினார். ஹோஸ் இரண்டையும் மாற்றினார். ராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக், தண்ணீர் சூடான பிறகே திறந்து விடுகிற ஒரு சின்ன வால்வைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே, குளிர் தேசத்துக்காரனுக்கு வச்சது" என்றார். கார் அதற்கும் கொதித்தது. ரேடியேட்டரில் ஒரு சின்னக் கசிவு தெரிந்தபோது, டிரைவர்கள் வழக்கமாகச் செய்கிறபடி என் அடுப்படியிலிருந்து மஞ்சள் தூளை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போய் உள்ளே போட்டார். கசிவு நின்றது. கொதிப்பு கூடியது. மஞ்சள் குளித்த மகராசி மாதிரி ஒரு வாரத்துக்கு மூடியோரமெல்லாம் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது.

இன்னொரு மெக்கானிக், எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றார். அன்றைக்கு நானும் கூட இருந்தேன். "கேஸ்கட் போனா ரேடியேட்டர்ல குமிழி வருமாமே? ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி ஆகுமாமே? இதுல ரெண்டும் இல்லையே" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்டுல மெக்கானிக் வச்சுக்கிட்டு எதுக்கு இங்கன வாறீக?" என்றார். எங்களவர் காது சிவந்துவிட்டது. ஆனாலும் எஞ்சினைப் பிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், தேவிபட்டினம் போகிற வழியில் வழக்கம்போல நின்றோம். அரை மணி கழித்து, ஒரு சாக்குத் துணியைப் போட்டு அவர் மூடியைத் திறந்தார். தண்ணீர் எடுக்க டிக்கி பக்கம் போனார். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். நேர் உச்சி வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ரேடியேட்டரின் கழுத்தைச் சுற்றி, மஞ்சள் ஏறிய வெள்ளையாக, ஏடு ஏடாக ஏதோ படிந்திருந்தது. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினேன். சில்லு சில்லாக உதிர்ந்தது.

அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் அதைத்தான் மாதம் ஒரு தரம் தேங்காய்ச் சிரட்டையை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு சாதி. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. வீட்டுக் கிணற்றில் ஊறுவது உப்பு. குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் கழுநீர் கலக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணி வேண்டும். அதற்கு ஊருணிக்குப் போக வேண்டும். போக ஒரு மைல், வர ஒரு மைல், கோடையில் வரிசை. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. வீட்டுக்கு விருந்தாளி வந்து சொம்பில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை வாசலில் கொட்டினால், அந்த ஆளை அடுத்த தரம் வா என்று சொல்ல எங்களுக்கு மனசு வராது. இப்படி இருக்கும்போது என் வீட்டுக்காரர் தினமும் காலையில் வாசலில் நின்று "காருக்குத் தண்ணி கொண்டா" என்று குரல் கொடுப்பார். எந்தத் தண்ணீர் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் இரும்பு வாயில் ஊற்றுகிற பைத்தியக்காரி எங்கள் ஊரில் ஒருத்திகூடக் கிடையாது. கொல்லையில் இருந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மொண்டு மொண்டு கொடுத்தேன். டிக்கியில் வைக்கிற இரண்டு கேனிலும் அதையேதான் நிரப்பினேன். ஒன்றரை வருடம், ஒரு நாள் தவறாமல்.

கையில் அந்த வெள்ளைச் சில்லை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அவர் கேனோடு வந்தார். "என்ன அது?" என்றார். "ஒன்னுமில்ல" என்று உதறிவிட்டேன். இந்த மனிதர் ஊரை விட்டுப் போகப் போகிறார் என்றால் அதற்கு வழி வெட்டிக் கொடுத்தது நான். அவரிடம் சொல்லப் பயமாக இருந்தது. திட்டுவார் என்ற பயமில்லை, அவர் அப்படித் திட்டுகிற ஆளும் இல்லை. "ஓ, அப்படியா, சரி விடு, இனிமே என்ன பண்ண" என்று பெட்டியைக் கட்டிவிடுவாரோ என்றுதான்.

சொல்லாமல் சரி செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அன்று தேவிபட்டினம் போய்ச் சேர்ந்ததும், அவர் எஞ்சினை அணைத்த கையோடு நானே பானெட்டைத் தூக்கச் சொல்லி, ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஓரங்கள் சுட்டன. நடுவில் ஒரு அகலத்துக்கு, மேலிருந்து கீழ் வரை சூடே இல்லை. சூடு இல்லையென்றால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

"இங்கன தொட்டுப் பாருங்க. நடுவுல சூடே ஏறல."

அவர் தொட்டார். கையை நகர்த்தி நகர்த்தி மறுபடியும் தொட்டார். "ஆமா" என்றார்.

"குழாய் அடைச்சிருக்கு. எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. ரேடியேட்டரக் கழட்டிக் காட்டுவோம். நாளைக்கே போவோம்."

"நாளைக்கேவா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உனக்கு ரொம்பத்தான் அவசரம்."

"பின்ன இல்லையா? எத்தன நாளைக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பாய் இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைத் தனியாகப் பிரித்து எடுத்து, எங்களிடம் திருப்பிக் காட்டினார். உள்ளே வரிசையாக இருக்க வேண்டிய குழாய் வாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு பூசிய சுவராக மூடிக் கிடந்தது. "யா அல்லா" என்றார் பாய். "அண்ணே, எந்தத் தண்ணி ஊத்துறீக?"

"வீட்டுத் தண்ணிதான் பாய்."

நான் தெருவில் போன ஒரு மாட்டு வண்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மஞ்ச வேற போட்டிருக்கீக. இருந்த ஓட்டையும் அடைச்சாச்சு" என்று சிரித்தார் பாய். பட்டையான ஒரு நீளக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு மேலும் கீழும் இழுத்தார். வெள்ளைத் தூள் தரையில் குவிந்தது. எந்தக் குழாயில் கம்பி சிக்கியதோ அதைச் சோடாக் காரத்தில் ஊற வைத்து மறுபடியும் குத்தினார். இரண்டு நாள் வேலை. திரும்ப ஈயம் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்து, ஒரு குமிழிகூட வரவில்லை என்று காட்டிய பிறகுதான் கொடுத்தார். "எஞ்சினுக்குள்ளயும் இதே அழுக்கு இருக்கும். நல்ல தண்ணிய ஊத்தி ஓட விட்டு, ஆறினதும் தெறந்து விடுங்க. தெளிவா வார வரைக்கும் விடாதீக. உப்புத் தண்ணி ஒரு சொட்டு கூடாது" என்றார். சொல்லும்போது என் பக்கம்தான் பார்த்தார். பெண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து ஊருணிக்குக் கூடுதலாக இரண்டு நடை. விடிந்ததும் காருக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவோம். அவர் பத்து மைல் ஓட்டிவிட்டு வருவார். ஆறியதும் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து விடுவோம். முதல் நாள் செம்மண் நிறத்தில் வந்தது. மூன்றாம் நாள் மஞ்சள். ஊருணியில் சங்கதி பரவிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் விடுவார்களா? "என்னடி, காருக்குத் தலைக்கு ஊத்துறியாம்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் சவுதியில். "ஆமா, தீவாளிக்கு எண்ணெயும் தேச்சு விடுவேன், நீயும் வா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இடுப்பில் குடம் அழுத்திய இடம் கன்றிப் போயிருந்தது.

கார் குடித்த அந்தத் தண்ணீர் வாசலில் ஓடி மண்ணில் இறங்குவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறும். ஒரு வாளியில் பிடித்து வேப்பங்கன்றுக்கு ஊற்றுவேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நாட்களில் அவர் பேச்சு இன்னும் குறைந்துபோனது. கார் சரியாகி வருகிற நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றின மாதிரியே தெளிவாக வந்தது. கையில் ஏந்தி அவரிடம் காட்டினேன். "ம். நீ நெனச்சத முடிச்சுட்ட" என்றார்.

பத்தாம் நாள், "வா, ராமேஸ்வரம் வரைக்கும் ஓட்டிப் பாத்துருவோம்" என்றார். நல்ல வெயிலாகப் பார்த்துத்தான் கிளம்பினோம், காரைச் சோதிக்க வேண்டுமே. நான் சாமியைப் பார்க்கிற மாதிரி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். உத்தரகோசமங்கை போனது. முள் நடுவில் நின்றது. ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம். நடுவிலேயே நின்றது. நாங்கள் வழக்கமாக நிற்கிற உடை மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

பாலத்தில் ஏறியதும் கடல் இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். கீழே வள்ளங்கள் நகர்கிற மாதிரியும் இருந்தன, நகராத மாதிரியும் இருந்தன. காற்று ஜன்னல் வழியாக வந்து என் முந்தானையை அவர் தோள் மேல் போட்டது. அவர் அதை எடுத்துவிடவில்லை. கார் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. பாலம்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு மெதுவாக எங்கோ போவதாகத் தோன்றியது. எனக்குக் கண்ணைச் சொருகியது. இது போதும், இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

ராமேஸ்வரத்தில் நிறுத்தாமல் தனுஷ்கோடிப் பக்கம் விட்டார். ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் நின்றோம். சுற்றிலும் வெள்ளை மணல், அதற்கு அப்பால் தண்ணீர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. எஞ்சினை அணைத்தார். ஆவி வரவில்லை. அவர் கை வழக்கப்படி பானெட்டைத் திறக்கப் போய், பாதியில் நின்றது.

என் மனசு நிறைந்திருந்தது. இனிமேல் சொன்னால் என்ன என்று தோன்றியது. "ஒன்னு சொல்லணும்" என்றேன். "காரக் கெடுத்தது நாந்தான். ஒன்ற வருசமா உப்புத் தண்ணிதான் குடுத்தேன்."

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "பாய் கடையிலயே தெரிஞ்சுபோச்சு. நீ மாட்டு வண்டியப் பாத்த பார்வைய நாஞ் சின்ன வயசுல வாத்தியார் முன்னாடி பாத்திருக்கேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நானும் ஒன்னு சொல்லணும். ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ்காரர் டீக்கடையில காத்திருக்காரு. வண்டியப் பாக்க."

"எதுக்கு?"

"வாங்குறதுக்குத்தான். கொதிக்கிற வண்டிய எவன் வாங்குவான்? இப்பத்தான் நல்லா ஓடுதே. வித்தா விசாவுக்கு ஆகும். ஆடி பொறக்குறதுக்குள்ள கெளம்பிருவேன்."

எனக்குக் காதுக்குள் காற்று மட்டும் இரைந்தது. ஊருணிக்குப் போன அத்தனை நடையும் கண் முன்னால் வந்தது. ஒவ்வொரு குடமாகச் சுமந்து, அவர் போகிற வழியை நானே கழுவி விட்டிருக்கிறேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் அப்படித்தான். இறங்கிக் கார்க் கதவை அறைந்து சாத்தினேன்.

"நீங்க போகக் கூடாதுன்னுதானேய்யா நான் இம்புட்டும் பண்ணுனேன்! இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு எனக்கு! வண்டி ஓடுனா இங்கனயே இருப்பீகன்னுதானே!"

அவரும் இறங்கி, காரைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"போகக் கூடாதுன்னா?"

"ஆமா. போகக் கூடாது."

"அடியே, நீ இந்தப் பாடு படுறதப் பாத்துட்டு, சீக்கிரமா வித்துட்டுப் போய்த் தொலையட்டும்னு நெனைக்கிறன்னுல்ல இருந்தேன்! பக்கத்து வீட்டுக்காரர் லீவுல வந்தப்ப, 'அந்த அக்காவுக்கு நல்ல காலம்'னு நீதானே சொன்ன?"

"அந்தாளு ஒரு மாசம் வீட்டுல இருக்கப் போறாருன்னு சொன்னேன்."

அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையில் கையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து குனிந்தால், சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது. "இந்த ஒரு வார்த்தைய மொதல்லயே சொல்லியிருந்தா" என்றார், "ரேடியேட்டரக் கழட்டியிருக்கவே வேண்டாமே."

திரும்பும்போது நான் முள்ளைப் பார்க்கவில்லை. டீக்கடை வாசலில் அந்த லாட்ஜ்காரர் நின்றிருந்தார், வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. காரைச் சுற்றி வந்து, பானெட்டில் கை வைத்துப் பார்த்து, "இம்புட்டுத் தூரம் ஓடி வந்தும் சூடு அதிகமா இல்லையே, நல்லா வச்சிருக்கீக" என்று மெச்சினார். எங்களவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இல்லண்ணே. உங்ககிட்ட மறைக்க மனசு வரல. இது கொதிக்கிற வண்டி. எத்தனையோ பண்ணிப் பாத்துட்டேன், ஒன்னும் நடக்கல. உங்க தலையில கட்டிட்டு நான் கப்பலேற மாட்டேன்."

லாட்ஜ்காரர் எங்களவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படி உண்மை பேசுகிற ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்றார். வண்டி வியாபாரம் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு டீயாவது சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, எனக்கும் ஒரு கிளாஸ் காருக்கே கொடுத்தனுப்பினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சீட்டில் குனிந்து கிடந்தேன். என் வீட்டுக்காரர் அந்த மனிதருக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்சமும் கூசாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார்.